பையன் ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கிறான்னு கேட்ட தங்கச்சிக்கு

டொரண்டோ வந்து அஞ்சு மாசம், பதினஞ்சு வயசுப் பையன் ஸ்கூல் விட்டு வந்தா கதவைச் சாத்திக்கிறான், வீட்டுக்காரருக்கு வேர்ஹவுஸ்ல நைட் ஷிப்ட், எனக்கு எதுக்கெடுத்தாலும் அழுகையா வருது, இது எல்லாருக்கும் வர்றதுதானா அக்கான்னு கேட்டிருந்தீங்க. வர்றதுதான்மா. அதுக்காகத் தானா சரியாயிடும்னு விட்டுடாதீங்க.

முதல்ல பையன். நம்ம ஊர்ல வருஷம் பூரா ஒரே செக்‌ஷன், அதே பசங்க, பிரெண்ட்ஸைத் தேடிப் போகவே வேணாம். இங்க ஹைஸ்கூல்ல பெரும்பாலும் செமஸ்டருக்கு நாலு சப்ஜெக்ட், பீரியடுக்கு பீரியட் வேற ரூம் வேற பசங்க, யாரோ ஒருத்தன்கூடப் பழகி வர்றதுக்குள்ள பிப்ரவரி வந்து அதுவும் மாறிடும். என் மூத்தவ முதல் செமஸ்டர் பூரா லாக்கர் பக்கத்துல தரையில உக்காந்து போனைப் பாத்துக்கிட்டேதான் லஞ்ச் சாப்பிட்டா. அவளுக்கு ஆள் கிடைச்சது கிளாஸ்ல இல்ல, ஹைஸ்கூல் முடிச்சு வாங்கற டிப்ளமோவுக்குக் கட்டாயம்னு 40 மணி நேரம் வாலன்டியர் வேலை உண்டே, அதுக்கு லைப்ரரில சின்னப் பசங்களுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்கப் போன இடத்துல. அதனால அதைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளாம இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

மார்க் விஷயத்துல அவனை விட்டுப் பிடிங்க. பத்தாங்கிளாஸ் போர்டு எக்ஸாம்னு ஒண்ணு இங்க கிடையாது. எழுதப் படிக்க நல்லா வருதான்னு பாக்கற லிட்ரசி டெஸ்ட் ஒண்ணு வரும், பாஸ் பண்ணணும், போனாலும் மறுபடி எழுதலாம். யூனிவர்சிட்டிக்காரங்க முக்கியமா பாக்கறது பன்னெண்டாவதுல எடுக்கற ஆறு கோர்ஸைத்தான். ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்த அந்தப் பப்ளிக் எக்ஸாம் பயத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு தினம் அவனை விரட்டறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

இதை மட்டும் கண்டிப்பா சொல்வேன், வீட்டுக்கு வர்ற லெட்டர், பேங்க் போன், டாக்டர்கிட்ட அப்பாவுக்காகப் பேசறது எல்லாத்தையும் அவன் தலையில வைக்காதீங்க. இங்கிலீஷ் நல்லா வருதேன்னு நாம குடுத்துடறோம், அவனுக்கு வாடகை பாக்கி, கார்டு கடன், அப்பாவோட பிரஷர் எல்லாம் தெரிஞ்சுபோய் ராத்திரி தூக்கம் வராம படுத்திருப்பான், வாயைத் திறந்து சொல்லவும் மாட்டான். எந்த உதவி எங்க கிடைக்கும்னு தெரியணும்னா 211 அடிங்க, தமிழ்ல பேசணும்னு சொன்னா மொழிபெயர்க்க ஆளை லைன்ல சேத்துவிடுவாங்க. அவனுக்கே யார்கிட்டயாவது பேசணும்னா ஸ்கூல்ல கைடன்ஸ் கவுன்சலர் இருக்காங்க, இல்லன்னா கிட்ஸ் ஹெல்ப் போன், 1-800-668-6868, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, காசு இல்ல. நம்பரை அவன் போன்லயே போட்டுக் குடுங்க, பேசினியான்னு மட்டும் துருவித் துருவிக் கேக்காதீங்க.

இப்ப உங்களுக்கு. பேஸ்மென்ட்ல இருக்கோம்னு எழுதியிருந்தீங்க, அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை மணியை ஒரு மணி நேரம் பின்னால வைப்பாங்க, டிசம்பர்ல நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும், அந்த ஜன்னல்ல வெளிச்சமே எட்டிப் பாக்காது. எவ்வளவு குளிரா இருந்தாலும் மத்தியானம் அரை மணி நேரம் வெளிய நடங்க, வேற வேலை இல்லன்னா லைப்ரரில போய் ஜன்னலோரமா உக்காருங்க. வீட்டுக்காரர் காலையில வந்ததும் ரூமை நல்லா இருட்டாக்கி போனை சைலன்ட்ல போட்டுத் தூங்கட்டும். ஊர்ல இருந்து நேரங்காலம் பாக்காம போன் பண்ணி இன்னும் ஆபீஸ் வேலை கிடைக்கலையான்னு கேக்கறவங்களுக்கு வாரத்துல ஒரு நாளை ஒதுக்கிட்டு மத்த நாள் எடுக்காதீங்க, தப்பே இல்ல.

ரெண்டு வாரத்துக்கு மேல அழுகை, தூக்கமில்லாம இருக்கறது, சாப்பாடு இறங்காம இருக்கறதுன்னா பேமிலி டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அவங்களைப் பாக்க ஓஹிப் கார்டு, அதான் நம்ம ஆன்டாரியோ மாகாண அரசாங்கத்தோட ஹெல்த் கார்டு, போதும். வெளிய சைக்காலஜிஸ்ட்டுக்கு நாமதான் கட்டணும், ஆனா பதினெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு ஆன்டாரியோ ஸ்ட்ரக்சர்டு சைக்கோதெரபின்னு அரசாங்கமே இலவசமா ஒரு தெரபி ப்ரோக்ராம் நடத்துது, டாக்டர்கிட்ட பேர் சொல்லிக் கேளுங்க. வீட்ல யார் வாயிலயாவது 'இருந்து என்ன பிரயோஜனம், செத்துடலாம்'ங்கற மாதிரி பேச்சு வந்தா எதையும் யோசிக்காம 988 அடிங்க, தற்கொலை எண்ணம் வர்றவங்களுக்கு உதவற நம்பர் அது.

பையன் படிக்கறது எந்த ஸ்கூல் போர்டு, அதாவது இங்க ஸ்கூல்களை நடத்தற அமைப்பு, அதுல எதோட ஸ்கூல்னு எழுதுங்கம்மா. நிறைய ஸ்கூல்ல புதுசா வந்த குடும்பங்களுக்குன்னே செட்டில்மென்ட் வொர்க்கர் வருவாங்க, அங்க யார்கிட்ட எப்படிக் கேக்கணும்னு சொல்றேன்.