முடக்குவாதம்: புதிய ஆய்வுகளும் நம் ஊர்க் கைகளும் (வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்)

மூட்டு வலி பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முடக்குவாதத்தைப் (சரவாங்கி என்றும், ஆங்கிலத்தில் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ. என்றும் சொல்லப்படும் மூட்டு அழற்சி நோய்) பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊர்களை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: எனக்கு வயது 41. சிறு வயதிலிருந்து பீடி சுற்றி வருகிறேன். எட்டு மாதமாகக் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இலையைப் பிடிக்க முடிகிறது. இரண்டு கைகளிலும் மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கியிருக்கின்றன. வேலையால் வந்த தேய்மானம் என்று எல்லோரும் சொல்வதால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஆர்.ஏ. சோதனையும் நெகட்டிவ் என்றே வந்தது. இது சரவாங்கியாக இருக்குமா?
*வாசகி, ஆலங்குளம்*

அம்மா, தாங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் தேய்மானத்துக்கு உரியவை அல்ல. தேய்மானத்தில் காலை விறைப்பு சில நிமிடங்களில் இளகிவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். விரல் நுனியை அடுத்த கணுவே பெரும்பாலும் பருத்திருக்கும். முடக்குவாதத்தில் விறைப்பு அரை மணி, ஒரு மணி என்று நீடிக்கும். கையை அசைக்க அசைக்கச் சற்று இளகும். இரண்டு கைகளிலும் மணிக்கட்டும் விரல்களின் அடிக்கணுவும் நடுக்கணுவும் வீங்கும். சுளகை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் இலை சுருட்டும் கைகள் ஓய்ந்துபோவது உண்மைதான். ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மூட்டுச் சவ்வையே தாக்குவதால் வரும் இந்த அழற்சி வேறு. விரல் உழைப்பு அதனை உண்டாக்குவதில்லை.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இரத்தச் சோதனை நெகட்டிவ் என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கேனும் அது நெகட்டிவாகவே இருக்கும். நலமாக உள்ள முதியவர்கள் சிலருக்கோ அது பாசிட்டிவாக வரும். அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவ அமைப்புகள் 2010ஆம் ஆண்டு சேர்ந்து வகுத்த அளவுகோல், எத்தனை மூட்டுகள் வீங்கியுள்ளன, ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் எந்த அளவில் உள்ளன, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. இரத்தச் சோதனை அளவு உயர்ந்துள்ளதா, ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்ற நான்கையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. வீக்கம் தொடங்குவதற்கு முன் சிக்குன்குன்யா காய்ச்சல் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் நிற்கும் மூட்டு வலி, முடக்குவாதத்தைப் போலவே தோன்றும்.

எட்டு மாதம் கழிந்துவிட்டதே எனக்குக் கவலை தருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பலருக்கு மூட்டெலும்பு அரிக்கத் தொடங்கிவிடுகிறது. வலி மாத்திரை வலியைக் குறைக்குமே தவிர அந்த அரிப்பைத் தடுக்காது. தடுக்கும் மருந்துகளில் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட், விலையும் குறைவு. அதனை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு இரத்த அணுக்கள் வீழ்ந்து உயிர் இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஆகவே எந்தக் கிழமை என்பதை மாத்திரை அட்டையின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொல்லும் வேறு நாளில் சாப்பிடுங்கள். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான சோதனைகளைத் தவற விடாதீர்கள்.

இவ்வளவு செலவு செய்ய முடியுமா என்று தாங்கள் தயங்கலாம். 2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வை நான் எப்போதும் நினைவில் வைத்திருப்பது அதனால்தான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 110 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வழக்கம்போல் கவனித்தார்கள். மற்றொரு பிரிவினரை மாதந்தோறும் வரவழைத்து, வீக்கத்தை எண்ணி அளந்து, அது அடங்கும்வரை மருந்தைக் கூட்டினார்கள். ஒன்றரை ஆண்டின் முடிவில் நோய் அடங்கியவர்கள் முதல் பிரிவில் 16 சதவீதம், இரண்டாம் பிரிவில் 65 சதவீதம். விலை உயர்ந்த ஊசி எதுவும் இதில் இல்லை; பழைய மருந்துகளும் தவறாத கண்காணிப்புமே இந்த வேறுபாட்டை உண்டாக்கின. பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு இந்த வாரமே சென்று காட்டுங்கள். ஒரு நாள் சுற்று குறைவதை எண்ணித் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: என் தாயாருக்கு இருபது ஆண்டுகளாக முடக்குவாதம். எனக்கு 33 வயது. மூட்டுகளில் அவ்வப்போது வலி உண்டு, வீக்கம் இல்லை. ஆன்டி சி.சி.பி. மிக அதிகமாக இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. நோய் வரும் முன்பே தடுக்க ஊசி கண்டுபிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் போட்டுக்கொள்ளலாமா?
*ஆசிரியை, அம்பாசமுத்திரம்*

கடந்த சில ஆண்டுகளில் இத்துறையில் நடந்த ஆராய்ச்சிகளில் மிகவும் நம்பிக்கை தருவது தாங்கள் கேட்டிருக்கும் இந்தப் பகுதிதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்கள் தோன்றிவிடுகின்றன என்பது சேமித்து வைக்கப்பட்ட பழைய இரத்த மாதிரிகளிலிருந்து தெரிய வந்தது. அப்படியானால் அந்த இடைவெளியிலேயே நோயை நிறுத்த முடியாதா என்று கேட்டு நான்கு பெரிய முயற்சிகள் நடந்தன.

நெதர்லாந்தின் லைடன் நகரில், முடக்குவாதமாக மாறக்கூடிய மூட்டு வலி உள்ள 236 பேரில் ஒரு பிரிவினருக்கு ஓராண்டு மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவு: நோய் வருவதை அது தடுக்கவில்லை, ஆனால் வலியும் ஸ்கேனில் தெரியும் அழற்சியும் குறைந்தன. அமெரிக்காவில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கொண்டு நடந்த முயற்சியும் தடுப்புப் பயனைத் தரவில்லை. தாங்கள் கேள்விப்பட்ட ஊசி அபாடாசெப்ட் என்பதாக இருக்கும். 2024இல் லான்செட் இதழ் வெளியிட்ட பிரிட்டன், நெதர்லாந்து ஆய்வில், தங்களைப் போன்ற 213 பேரில் ஒரு பிரிவினருக்கு ஓராண்டு வாரந்தோறும் அந்த ஊசி போடப்பட்டது. ஆண்டின் முடிவில் நோய் தொடங்கியவர்கள் ஊசி போட்டவர்களில் 6 சதவீதம். வெற்று ஊசி (மருந்து கலக்காதது) போட்டவர்களில் 29 சதவீதம். ஊசியை நிறுத்தி மேலும் ஓராண்டு கவனித்தபோதோ, அவை 25 சதவீதமாகவும் 37 சதவீதமாகவும் நெருங்கி வந்துவிட்டன. அதே ஆண்டு லான்செட்டில் வெளியான மற்றோர் ஆய்விலும் ஆறு மாத ஊசி அழற்சியைக் குறைத்தது.

இந்த எண்களை நான் படிக்கும் விதம் இது: நோயைத் தள்ளிப்போட முடியும் என்பது உறுதியாகிவிட்டது, முற்றாகத் தடுக்க முடியும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. வெற்று ஊசி போட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டுகளில் நோய் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், விலை உயர்ந்த, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ஒரு மருந்தை வீக்கமே இல்லாத தங்களுக்கு இன்று போடச் சொல்ல நான் முன்வர மாட்டேன்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. புகைபிடித்தல் இந்த எதிர்ப்பொருள் உருவாவதோடு நெருங்கிய தொடர்புடையது. வீட்டில் பீடி, சிகரெட் புகைப்பவர் இருந்தால் வெளியே செல்லச் சொல்லுங்கள். ஈறுகளைக் கவனியுங்கள். ஈறு நோய் உள்ள முடக்குவாத நோயாளிகளின் இரத்தத்தில் வாய்ப் பாக்டீரியாக்கள் மீண்டும் மீண்டும் நுழைவதையும், அவை இந்த எதிர்ப்பொருள்களைத் தூண்டக்கூடும் என்பதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2023இல் காட்டியுள்ளனர். ஆகவே பல் மருத்துவரிடம் போவதும் தங்களுக்கு மூட்டு வைத்தியத்தின் ஒரு பகுதியே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு கணு வீங்கினாலும் அந்த மாதமே மருத்துவரைப் பாருங்கள். தங்கள் தாயார் காலத்தில் கிடைக்காத இந்த முன்னறிவு தங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: சாளை மீன் சாப்பிட்டால் மூட்டு வாதம் வராது என்கிறார்கள். வைட்டமின் டி மாத்திரையும் வேண்டுமா?
*வாசகர், உவரி*

மீன் எண்ணெயும் வைட்டமின் டியும் கொடுத்து அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. நாளுக்கு 2,000 அலகு வைட்டமின் டி சாப்பிட்டவர்களிடம், தன்னெதிர்ப்பு நோய்கள் (எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குவதால் வருபவை) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது 22 சதவீதம் குறைவாக இருந்தன. மீன் எண்ணெயின் பயன் உறுதிப்படவில்லை. கலந்துகொண்டவர்கள் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்பதையும், முடக்குவாதத்தை மட்டும் தனியே பிரித்தால் எண்ணிக்கை மிகச் சிறிது என்பதையும் மறக்கக் கூடாது. சாளை நல்ல உணவு, மகிழ்ச்சியோடு சாப்பிடுங்கள். நோய் வந்தபின் அது மருந்துக்கு மாற்றாகாது.

கேள்வி: என் தந்தைக்கு 62 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, பீடி பிடிப்பார். மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதவில்லை என்று டோஃபாசிட்டினிப் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அது மாரடைப்பை உண்டாக்கும் என்று படித்தேன். நிறுத்திவிடலாமா?
*வாசகர், வள்ளியூர்*

தம்பி, தாங்களாக நிறுத்த வேண்டாம்; ஆனால் இந்தக் கேள்வியை அந்த மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். 2022ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 50 வயதைக் கடந்து இதயநோய்க்கான காரணி ஒன்றேனும் உள்ள 4,362 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களில் 3.4 சதவீதத்தினருக்கும், டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி போட்டவர்களில் 2.5 சதவீதத்தினருக்கும் வந்தன. புற்றுநோய் முறையே 4.2, 2.9 சதவீதம். வேறுபாடு சிறியதுதான், ஆனால் தங்கள் தந்தை அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் சாயலிலேயே இருக்கிறார்.

அவருக்கு வேறு வழி உண்டு. மெத்தோட்ரெக்சேட்டோடு சல்ஃபாசலசைனையும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் சேர்க்கும் மும்மருந்து முறை, விலை உயர்ந்த எட்டனர்செப்ட் ஊசியோடு மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்ப்பதற்குச் சளைத்ததல்ல என்று 2013இலேயே 353 நோயாளிகளிடம் நிறுவப்பட்டது. நம் ஊரில் அது இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது என் கருத்து. ஊசிக்கே போக நேர்ந்தால், உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளாதபடி மார்பு எக்ஸ்ரேயும் மாண்டூ தோல் சோதனை அல்லது காசநோய்க்கான இரத்தச் சோதனையும் முதலில் வேண்டும். டோஃபாசிட்டினிப்புக்கும் அதே முன்னெச்சரிக்கை பொருந்தும். பீடியை நிறுத்தினால் மாரடைப்பு அபாயம் குறையும். மருந்து நன்கு வேலை செய்வதற்கும் அது துணை செய்யும்.

கேள்வி: ஊருக்கு வரும் ஒருவரிடம் வாங்கிய சூரணத்தைச் சாப்பிட்ட மூன்றாம் நாளே வீக்கம் வற்றிவிட்டது. ஓராண்டாகச் சாப்பிடுகிறேன். இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் வந்துவிட்டது. சித்த மருந்தால் இப்படி ஆகுமா?
*வாசகி, களக்காடு*

சித்த மருத்துவத்தின் மேல் இந்தப் பழியைப் போடக் கூடாது. 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அங்கே படித்த மருத்துவர் பெயரும் அளவும் எழுதித் தரும் மருந்து ஒன்று, பொட்டலத்தில் பெயரின்றி வரும் பொடி வேறொன்று. மூன்று நாளில் வற்றிய வீக்கமும், உப்பிய முகமும், புதிதாக வந்த சர்க்கரையும் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு (வீக்கத்தை விரைவில் அடக்கும் மருந்து) கலந்திருக்கலாம் என்பதையே காட்டுகின்றன.

இதைப் படித்ததும் அதை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். ஓராண்டு ஸ்டீராய்டு உட்கொண்ட உடலில், சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள். 65 வயதைக் கடந்த 451 பேருக்கு நாளுக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து ஈராண்டு நடத்திய ஐரோப்பிய ஆய்வில்கூட (2022) நோய் அடங்கினாலும் தொற்றுகள் கூடின. அளந்து கொடுத்த சிறு அளவின் நிலையே அது. தங்கள் பொட்டலத்தில் எவ்வளவு இருந்தது என்பது விற்றவருக்கே தெரியாது.

கேள்வி: எனக்கு 29 வயது, கோரைப் பாய் நெய்கிறேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டு வருகிறேன். ஓராண்டாக வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைக்கிறோம். இனி மருந்து எதற்கு, நிறுத்திவிடு என்கிறார் அத்தை. என்ன செய்யலாம்?
*வாசகி, பத்தமடை*

தங்கள் அத்தை அக்கறையினால் சொல்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நோய் அடங்கியிருப்பது மருந்தினால்தான். நார்வேயில் நோய் அடங்கிய 160 பேரில் ஒரு பிரிவினருக்கு மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தபோது ஓராண்டில் 25 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. அளவைக் குறைக்காதவர்களில் 6 சதவீதத்தினருக்கே திரும்பியது. 2021இல் வெளியான இந்த முடிவு பாதியாகக் குறைத்தவர்களைப் பற்றியதே. முழுவதும் நிறுத்துவதில் துணிவு காட்ட இதில் இடமில்லை.

ஆனால் தங்கள் நிலை தனியானது. மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும், ஊனமாக்கும். ஆகவே கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே மருத்துவர் அதனை நிறுத்தி, கர்ப்ப காலத்திலும் கொடுக்கக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசைன் ஆகியவற்றுக்கு மாற்றுவார். மாற்றிய மருந்தில் நோய் அடங்கியே இருக்கிறதா என்று சில மாதம் பார்த்த பிறகு முயல்வது நல்லது. கர்ப்ப காலத்தில் சுமார் பாதிப் பேருக்கு நோய் தானே தணிகிறது. பிள்ளை பெற்ற சில மாதங்களில் பலருக்கு மீண்டும் கிளம்புகிறது. அதனால் பேறுகாலத்துக்குப் பின் மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. இந்த மாற்றம் முடியும்வரை கருத்தடையைக் கைவிட வேண்டாம். அதற்கிடையில் மாதவிலக்கு தள்ளிப்போனால், அந்த வாரத்து மெத்தோட்ரெக்சேட்டைச் சாப்பிடாமல் அன்றே மருத்துவரிடம் சென்றுவிடுங்கள்.