சம்பளமும் நிற்பதில்லை, படிக்கவும் மனம் ஓடவில்லை: எதை முதலில் சரிசெய்வது?

மாதம் 40,000 ரூபாய் சம்பளம். கிரெடிட் கார்டு பாக்கி ஒன்று, வண்டிக் கடன் ஒன்று, சொந்தக்காரர் பேச்சைத் தட்ட முடியாமல் போட்ட பாலிசி ஒன்று. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. ஏதாவது படிக்கலாம் என்று உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. பணத்தைக் கவனிப்பதா, அறிவை வளர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் தேட வேண்டாம். முதல் இரண்டு மாதத்துக்கு உங்கள் பாடப்புத்தகம் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது: கார்டு ஸ்டேட்மென்ட், கடன் ஒப்பந்தம், பாலிசி பத்திரம், பிஎஃப் பாஸ்புக். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், நோட்டும் பேனாவும் கால்குலேட்டரும். பொடி எழுத்து நிபந்தனையைப் புரிந்துகொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல படிப்பு; அதற்குக் கூலியும் உடனே கிடைக்கும். (யூடியூபில் பங்குச்சந்தை வீடியோ பார்ப்பதை நான் படிப்பில் சேர்க்க மாட்டேன்.)

கார்டில் தொடங்குங்கள். பாக்கி 50,000 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 2,500. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,750. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஆக, நீங்கள் கட்டிய 2,500-இல் 2,065 வட்டிக்கும் வரிக்கும் போகிறது, அசலில் கழிவது வெறும் 435. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பாக்கியை முழுதாகக் கட்டாத வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி தீரும்வரை அந்தக் கார்டில் பெட்ரோல்கூடப் போடாதீர்கள்.

அடைக்க வழி? வீட்டில் சும்மா இருக்கும் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஆண்டுக்கு 9 முதல் 12 சதவீதத்தில் கிடைக்கும். 50,000-க்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 5,000. அதே பாக்கி கார்டிலேயே கிடந்தால் வட்டி மட்டும் 21,000. இந்த இடத்தில் கௌரவம் பார்ப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கை. நகைக்கடனை வட்டி மட்டும் கட்டி ஆண்டுதோறும் திருப்பி வைத்துக்கொண்டே போனால் அசல் அப்படியே நிற்கும். வாங்கிய நாளிலிருந்தே மாதம் 4,000 அசலில் கட்டுங்கள், 13 மாதத்தில் அசல் முடியும். கார்டு காலியானதும் செயலிக்குள் போய் அதன் வரம்பை 15,000-க்குக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் நகைக்கடனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும்.

அடுத்தது வண்டிக் கடன். ஷோரூமில் ‘10 சதவீதம்தான் சார்’ என்று சொல்வது பெரும்பாலும் ஃபிளாட் வட்டி. ஒரு லட்சம், மூன்று ஆண்டு, 10 சதவீதம்: வட்டி 30,000, மொத்தம் 1,30,000, தவணை 3,611. நீங்கள் மாதாமாதம் அசலையும் திருப்பித் தருகிறீர்கள். வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடப்படுகிறது. உண்மையான வட்டியைக் கண்டுபிடிக்க கூகுள் ஷீட்டில் ‘ரேட்’ (RATE) என்ற ஃபார்முலா இருக்கிறது. தவணை எண்ணிக்கை 36, தவணைத் தொகை மைனஸ் 3,611, கடன் 1,00,000 என்று கொடுத்து, வரும் விடையை 12-ஆல் பெருக்குங்கள். 17.9 சதவீதம் வரும். தவணைக்கு மைனஸ் குறி போட மறந்தால் பிழை காட்டும், பயப்பட வேண்டாம். பிராசசிங் கட்டணமாக 3,000 பிடித்துக்கொண்டு 97,000-தான் கொடுத்தார்கள் என்றால், கடன் என்ற இடத்தில் 97,000 போடுங்கள். வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். இனி எந்தக் கடனுக்கும் கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

பாலிசிக்கும் இதே ஃபார்முலாதான். ஆண்டுக்கு 24,000 வீதம் 20 ஆண்டு கட்டினால் 8,50,000 கிடைக்கும் என்பது ‘போட்டது கிட்டத்தட்ட இரட்டிப்பு’ போலத் தெரியும். கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம். அதில் காப்பீட்டுத் தொகை 5 லட்சம் என்றால், உங்கள் குடும்பத்துக்கு அது ஓராண்டுச் சம்பளம், அவ்வளவுதான். முதலில் தனியாக ஒரு டெர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) எடுங்கள். ஆண்டு வருமானத்தைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும். அது கைக்கு வந்த பிறகு, பழைய பாலிசியின் சரண்டர் மதிப்பையும் (இப்போதே முடித்தால் கிடைப்பது) பெய்டு-அப் மதிப்பையும் (இனி கட்டாமல் விட்டாலும் முடிவில் கிடைப்பது) எழுத்தில் கேளுங்கள். முடிய மூன்று நான்கு ஆண்டே இருந்தால் தொடர்வதுதான் பெரும்பாலும் லாபம். புதிதாக எடுத்த பாலிசி என்றால், பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு.

மருத்துவக் காப்பீட்டில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: அறை வாடகை வரம்பு. 5 லட்சம் பாலிசியில் 1 சதவீதம் என்றிருந்தால் நாளுக்கு 5,000. நீங்கள் 10,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகையில் மட்டும் பாதி வெட்டுவதில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்து, உடலுக்குள் வைக்கும் கருவிகள், பரிசோதனைகள் இந்த வெட்டில் வராது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உங்கள் சம்பளத்துக்கு அது வராது.

பிஎஃப் கணக்கில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். ஆதாரில் ‘முருகன் க’, பிஎஃப்பில் ‘முருகன் கருப்பசாமி’, பான் கார்டில் அப்பா பெயர் முன்னால். பணம் எடுக்க விண்ணப்பிக்கும் நாளில்தான் இது இடிக்கும். பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, விட்ட தேதி நான்கும் சரியா என்று இப்போதே பார்த்து, பொருந்தாவிட்டால் பிஎஃப் இணையதளத்திலோ, நிறுவனம் வழியாகக் கூட்டு உறுதிமொழி (நீங்களும் நிறுவனமும் சேர்ந்து தரும் விண்ணப்பம்) கொடுத்தோ திருத்துங்கள். நாமினியையும் அந்த இணையதளத்திலேயே பதியுங்கள்.

இதற்குள் மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, யுபிஐ ஆட்டோபே பட்டியலில் பார்க்காத சந்தாக்களை நீக்கினால் சில நூறுகள் மிஞ்சும். அதையும் சேர்த்து முதலில் 25,000, பிறகு மூன்று மாதச் செலவுத் தொகை என்று அவசரப் பணம் சேருங்கள். யுபிஐ இணைக்காத வேறு வங்கிக் கணக்கில் வையுங்கள். எடுக்கக் கொஞ்சம் சிரமமாக இருப்பதுதான் அதன் பாதுகாப்பு. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, சீட்டுக்குக் கிடையாது. சீட்டு போடுவதென்றால் 1982 சட்டப்படி பதிவான சீட்டா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். தெருமுனை தீபாவளிச் சீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் வராது.

இரண்டு மாதம் முடிந்ததும் அதே இரண்டு நாள், அதே நேரம் உங்களுக்குப் பிடித்த பாடத்துக்கு. சம்பளம் கூடும் படிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வரலாறு, தாவரவியல், கல்வெட்டு எதுவானாலும் சரி. தவணையில் கட்டும் ஆன்லைன் கோர்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தத் தவணை பல நேரம் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் கட்டியே ஆக வேண்டும்.

காசில்லாத வழி நிறைய. வீட்டு வரி ரசீதைப் பாருங்கள்: நூலக வரி என்று 10 சதவீதம் இருக்கும். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. கட்டிய வரிக்குக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். படிக்கும்போது கோடு போடுவதோ மறுபடி மறுபடி வாசிப்பதோ நினைவில் நிற்க அதிகம் உதவாது. அரை மணி படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து ஐந்து வரி எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று பார்க்காமலே மறுபடி எழுதிப் பாருங்கள். திணறும் இடம்தான் திரும்பப் படிக்க வேண்டிய இடம். தூக்கம் வருவதும் பாதி குறையும், ஏனென்றால் கை வேலை செய்கிறது.

கட்டுக்கோப்பாக வேண்டுமென்றால் என்பிடெல். ஐஐடி போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் பாடங்கள். சேரக் கட்டணமில்லை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். சான்றிதழ் வேண்டுபவர்கள் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். வாரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். ஆரம்பத்திலேயே 12 வாரப் பாடத்தில் சேர்ந்து மூன்றாம் வாரம் விடுபவர்கள்தான் ஏராளம். 4 வாரப் பாடம் ஒன்றில் தொடங்குங்கள். அதில் நான்கு பயிற்சியில் சிறந்த மூன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அதனால் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போய்வந்தாலும் பாடத்தை விட வேண்டியதில்லை.