புகை வென்ட், ஃபேன், பேனல்: உங்க கேள்விகளுக்கு பதில்

கே: தீ பிடிச்சா புகை வெளிய போக படிக்கட்டு உச்சியில திறக்கற புகை வென்ட்டை எப்பப்ப டெஸ்ட் பண்ணணும்?

மாசம் ஒரு தடவை நீங்களே திறந்து மூடுங்க, வருஷம் ஒரு தடவையாவது தெரிஞ்ச ஆளை வச்சு முழு சர்வீஸ். ஆனா கீழ கன்ட்ரோல் பேனல்ல பட்டனை அமுக்கிட்டு லைட் எரிஞ்சதும் கிளம்பிடாதீங்க, ஒரு ஆள் மேல போய் முழுசா திறந்துச்சான்னு கண்ணால பாக்கணும்.

கே: கரண்ட் போனா வென்ட்டை திறக்கற பேட்டரியோட லைட் பச்சையாதான் இருக்கு, பேட்டரியை மாத்தணுமா?

வாங்கி எத்தனை வருஷம் ஆச்சுன்னே எழுதலையே. சீல்டு லெட் ஆசிட்னா 4 வருஷத்துல மாத்திடுங்க. கரண்டை ஆஃப் பண்ணிட்டு பேட்டரியில மட்டும் வென்ட்டை திறக்க விடுங்க, பாதியில நின்னா பச்சை லைட் என்ன சொன்னாலும் பேட்டரி காலி.

கே: எங்க ஃபேன் சத்தம் போடுது, என்ன பண்ண?

எந்த ஃபேன், பெல்ட்டா டைரக்டா, ஸ்டார்ட் ஆகும்போதா ஓடும்போதா? ஒண்ணுமே சொல்லாம கேட்டா நான் எதை சொல்றது. விவரத்தோட மறுபடி எழுதுங்க.

கே: புகை இழுக்கற ஃபேன் மோட்டாரை ரீவைண்டிங் பண்ணிட்டோம், நல்லா ஓடுது. போதும்ல?

போதாது. அந்த மோட்டார் சூடான புகையில குறிப்பிட்ட நேரம் தாங்கற மாதிரி செஞ்சதா இருக்கும், சாதா வயர்ல சுத்தினா அந்த ரேட்டிங் போச்சு. இன்னொண்ணு, ரெண்டு ஃபேஸ் மாறி கனெக்ட் ஆனா ஆக்சியல் ஃபேன் (காத்தை நேரா தள்ளற வகை) எதிர்ப்பக்கம் சுத்தி, புகையை வெளிய இழுக்காம உள்ள தள்ளும், கிரில் கிட்ட ஒரு பேப்பரை பிடிங்க, ஒட்டுதா பறக்குதான்னு தெரிஞ்சிடும்.

கே: டெஸ்ட் அப்போ படிக்கட்டு கதவை வயசானவங்களால திறக்கவே முடியல.

புகை உள்ள வராம இருக்க படிக்கட்டுக்குள்ள ஃபேன் காத்தை அடைக்கும், அந்த பிரஷர் ஏறிடுச்சு. டிசைன் பெரும்பாலும் 50 பாஸ்கல் பக்கம் இருக்கும், கதவுக்கு 10 கிலோ பலத்துக்கு மேல தேவைப்படக் கூடாது. அதிகப்படி காத்தை வெளிய விடற ரிலீஃப் டேம்பர் துரு பிடிச்சு மாட்டிக்கிச்சான்னு முதல்ல பாருங்க. தயவு செஞ்சு கதவுக்கு ஆப்பு வச்சு திறந்து போட்டுடாதீங்க.

கே: அடிக்கடி ஃபால்ஸ் அலாரம், அதனால வாட்ச்மேன் புகை ஃபேனோட செலக்டர் சுவிட்சை (ஆட்டோ, மேனுவல், ஆஃப்னு மாத்தறது) ஆஃப்ல வச்சிருக்கார். பரவாயில்லையா?

பரவாயில்லையாவா! இதே கேள்வி வேற வேற வார்த்தையில வந்துக்கிட்டே இருக்கு, நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். தீ விபத்துல நிறைய பேர் சாகறது நெருப்புல இல்ல, புகையில. அந்த புகை படிக்கட்டை அடைக்க ரொம்ப நேரம் ஆகாது, நீங்க ஆஃப்ல வச்ச சுவிட்சை அந்த இருட்டுல யாரு தேடிப்போய் ஆட்டோவுக்கு மாத்துவா? லக்ஷக்கணக்குல செலவு பண்ணி ஃபேன், டேம்பர், டக்ட் எல்லாம் போட்டுட்டு ஒரு சுவிட்சால மொத்தத்தையும் வீணாக்கறது எனக்கு தாங்கவே மாட்டேங்குது. சர்வீஸ் ஆளுங்களும் இதே தப்பு பண்றாங்க, மேனுவல்ல போட்டு வேலை பாத்துட்டு அப்படியே கிளம்பிடறாங்க, லாக் புக்ல மட்டும் 'நார்மல்'னு எழுதியிருக்கும். அலாரம் ஏன் வருதுன்னு பாருங்க, டிடெக்டர்ல தூசி இருக்கும், இல்ல பாத்ரூம் ஆவி படற இடத்துல மாட்டியிருப்பாங்க. சுத்தம் பண்ணுங்க, இடம் மாத்துங்க. ஆஃப் பண்ணியே ஆகணும்னா யார், எத்தனை மணிக்கு, எப்ப திரும்ப போடணும்னு லாக்ல எழுதி, அதுவரைக்கும் ஒரு ஆளை காவலுக்கு நிறுத்துங்க. தினம் காலையில ஷிஃப்ட் மாறும்போது சுவிட்ச் ஆட்டோவுல இருக்கான்னு நேர்ல போய் பாக்கணும்.

கே: புகை மேல போற புகை ஷாஃப்ட் சும்மாதானே இருக்கு, இன்டர்நெட் கேபிள் இழுக்கலாமா?

கூடாது. பழைய சாமான் அடுக்கறதும் கூடாது.