டெபாசிட்டை எடுத்துக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மாத்திரைக்கே மாதம் 15,000 ரூபாய். இப்போது சர்க்கரையும் வந்து இன்சுலின் போடுகிறோம், அதற்கும் பரிசோதனைகளுக்கும் 5,000. தெரிந்தவர் சொன்னார் என்று 6,000 ரூபாய்க்கு மூலிகைச் சத்துமாவும் வாங்குகிறேன். டெபாசிட் 4 லட்சம் இருக்கிறது. பர்சனல் லோன் பாக்கி 3 லட்சம், வட்டி 14%. லோனை அடைத்துவிடலாமா?
வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தச் சத்துமாவை நிறுத்துங்கள். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. சில மூலிகைகள், புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் அல்லது இறக்கிவிடும், இரண்டுமே புதுச் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இவ்வளவு நாள் கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதே காரணத்துக்காகப் பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். அவருக்குத் தேவை வீட்டில் சுடச்சுடச் சமைத்த சாப்பாடு, எவ்வளவு உப்பு, எவ்வளவு பருப்பு என்பதை மருத்துவமனை டயட்டீஷியன் சொல்வார்.

சர்க்கரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் அதை ஏற்றக்கூடியவைதான், டாக்டர் டோஸைக் குறைக்கக் குறைக்க பலருக்கு இன்சுலினும் குறைகிறது, ஆனால் நீங்களாகக் குறைக்கக் கூடாது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் மாதக் கடைசியில் கையில் பணமில்லாமல் இரவு ஒன்பது மணி மாத்திரையை மட்டும் ஒரு வாரம் விட்டார். டப்பாவில் அந்த ஏழு குழியும் அப்படியே நிறைந்திருந்ததை அவர் மனைவி கொண்டுவந்து காட்டியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால்தான் மொத்தத்தையும் லோனில் போடாதீர்கள் என்கிறேன். 14% வட்டி வலிக்கும், சரி. ஆனாலும் மாதம் 20,000 வீதம் ஆறு மாதத்துக்கு 1,20,000, திடீரென்று காய்ச்சல், தொற்று என்று அட்மிட் ஆனால் கைக்கு 80,000, ஆக 2 லட்சத்தை நான்கைந்து சின்ன டெபாசிட்டுகளாகப் பிரித்து வையுங்கள், ஒன்றை உடைத்தாலும் மற்றதன் வட்டி போகாது. மீதி 2 லட்சத்தை லோனில் கட்டுங்கள், முன்கூட்டிக் கட்ட என்ன கட்டணம் என்று கேட்டுவிட்டு. சத்துமாவுக்குப் போன 6,000-ம் இனி அங்கேயே போகட்டும்.

விலை குறைந்த பிராண்டு கேட்பதில் தப்பில்லை, ஆனால் நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக டாக்டர்) எழுதிக் கொடுத்து, மாற்றிய பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்தாக வேண்டும். வருமான வரியில் பழைய முறையில் இருந்தால், குறிப்பிட்ட கடும் நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான பிரிவில் (1961 சட்டத்தில் 80டிடிபி) 40,000 ரூபாய் வரை வருமானத்தில் கழிக்க வாய்ப்புண்டு, காப்பீட்டில் வந்த தொகை போகத்தான். அடுத்த செக்கப்பிலேயே அதற்கான சீட்டை நெஃப்ராலஜிஸ்டிடம் கேட்டு வாங்கி, மருந்துக்கடை பில்களோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.