ருசி போன பிறகும் ஆசை ஏன் விடமாட்டேன் என்கிறது?

கேள்வி (மதுரை வாசகி): ராத்திரி பத்து மணிக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்தால் பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. பார்க்கிற எதுவும் பிடிப்பதில்லை, எரிச்சல்தான் வருகிறது. மூளையில் டோபமைன் என்ற 'இன்ப ரசாயனம்' சுரப்பதால்தான் இப்படி என்கிறார்கள். எனக்குத்தான் இன்பமே இல்லையே?

பதில்: நீங்கள் கவனித்தது ரொம்பச் சரி. டோபமைனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால் எத்தனையோ பேர் தங்களைத் தாங்களே தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, ஒரு விசையை அழுத்தினால் அங்கே லேசாக மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலி அழுத்தியது, அழுத்திக்கொண்டே இருந்தது, சில எலிகள் மணிக்கு ஆயிரம் தடவைக்கு மேல். இவ்வளவு அழுத்துகிறதே, அப்போ சுகமாகத்தானே இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்ததில் என்ன ஆச்சரியம்? அந்த மின்சாரம் தூண்டும் பாதைகளில் டோபமைன் வேலை செய்கிறது என்று பின்னால் தெரிந்ததும், அதற்கு 'இன்ப ரசாயனம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அது சுகம்தானா என்று தெரிந்துகொள்ள, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் எலியின் முகத்தையே பார்த்தார். வாயில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் விட்டால் எலி நாக்கை நீட்டி உதட்டை நக்கும், கைக்குழந்தை செய்கிற மாதிரியே. கசப்பு என்றால் வாயைப் பிளக்கும், தலையை உதறும். டோபமைனை ஏறக்குறைய முழுக்க அழித்துவிட்ட எலிகளைப் பார்த்தால், பக்கத்திலேயே சாப்பாடு இருந்தும் அவை தொடுவதில்லை, குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்துப்போகும். ஆனால் அதே எலியின் நாக்கில் சர்க்கரைச் சொட்டை வைத்தால், பழையபடியே உதட்டை நக்குகிறது! ருசி அப்படியே இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளும் ஆசைதான் போய்விட்டது. டோபமைன் கூடுதலாக உள்ள எலிகளோ தீனிக்கு ஓடி ஓடிப் போகும், ருசித்த அடையாளம் மட்டும் முகத்தில் அதிகமாவதில்லை. ருசியை உண்டாக்குவதில் மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருட்களுக்குத்தான் பெரிய பங்கு, அவை அதற்காக வேலை செய்யும் இடங்களும் எலியில் ஒரு கன மில்லிமீட்டர் அளவே உள்ள சின்னச் சின்னப் புள்ளிகள்.

அப்புறம் மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது. எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால், டோபமைனைச் சுரக்கும் மூளைச் செல்கள் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று குரங்கு பழகிய பிறகு, அந்தச் செல்கள் விளக்குக்கே துடித்துவிட்டு, ரசம் வரும்போது சும்மா இருக்கும். அந்த விளக்கு இடத்தில் உங்கள் கைபேசியை வைத்துப் பாருங்கள். அடுத்த வீடியோ நன்றாக இருக்குமா இருக்காதா என்று தெரியாததால்தான் கட்டைவிரல் நிற்க மாட்டேன் என்கிறது. இழுப்பது கைபேசி கண்ணில் படுகிற அந்த நொடி, அதனால் சார்ஜரை வேறு அறையில் வையுங்கள். மன உறுதி போதவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கைபேசி மாதிரி ஆசையைத் தூண்டுவதை எல்லாம் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கிற 'டோபமைன் விரதம்' இருந்தால் மூளை சுத்தமாகுமா?

பதில்: டோபமைன் தொட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீர் மாதிரி கிடையாது. நீங்கள் விரதம் இருந்தாலும் அந்தச் செல்கள் மெல்லத் துடித்துக்கொண்டேதான் இருக்கும், கைகால் அசையவே அது வேண்டும். ஒரு நாள் கைபேசி இல்லாமல் இருந்து பாருங்கள், நல்லதுதான், ஆனால் டோபமைன் கழுவப்பட்டது என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் நோய். வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர், புது மாத்திரை தொடங்கி சில மாதத்தில் பணம் வைத்து ஆடுகிறார், நகையைக்கூட அடகு வைத்துவிட்டார். வீட்டில் தினமும் சண்டை. என்ன செய்வது?

பதில்: முதலில் சண்டையை நிறுத்துங்கள், தயவுசெய்து. பார்க்கின்சனில் டோபமைன் செல்கள் அழிவதால், டோபமைன் போலவே வேலை செய்கிற பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகளைத் தருவார்கள். நடுக்கமும் இறுக்கமும் குறையும், ஆனால் சிலருக்கு ஆசையின் கடிவாளம் அறுந்துவிடுகிறது: சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, ஓயாத தீனி, அடக்க முடியாத காம இச்சை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், இவ்வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 17 பேருக்கு இப்படி ஏதோ ஒன்று இருந்தது. சாப்பிடாதவர்களில் அது 7 பேருக்குத்தான்.

அப்பா கெட்டுப்போய்விட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். மாத்திரை அட்டைகளையும் அடகுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், அப்பா கூச்சத்தில் சொல்லமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அளவைக் குறைத்தோ மாத்திரையை மாற்றியோ பலருக்கு இது அடங்கிவிடுகிறது. நீங்களாக மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு தொல்லைகளைக் கொண்டுவரும். அதுவரை அவர் வங்கி அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.