யூகலிப்டஸ் இலையில் கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுவது எப்படி? பெண்டிகோ பயணத்தோடு சேர்த்துச் செய்ய முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: பள்ளி விடுமுறையில் மெல்போர்னிலிருந்து பிள்ளைகளுடன் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள பெண்டிகோ நகருக்குப் போய்வர வேண்டும், அதோடு ஒரு கைவேலையும் வேண்டும். முன்பு தெருவில் பொறுக்கிய இலையைப் போட்டுக் கொதிக்க வைத்ததில் நூல் சேற்று நிறமாகி, சுருங்கிக் கட்டிதட்டிவிட்டது.

ஒரே நாளில் எல்லாம் நடக்காது. நூல் வாங்குவதும் இலை சேர்ப்பதும் ஒரு நாள், சாயம் போடுவது மறுநாள் வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் கெட்டதும் நூல் சுருங்கியதும் இரண்டு தனித்தனித் தப்புகள். முதலாவது இலையிலும் தண்ணீரிலும், இரண்டாவது சூட்டில்.

யூகலிப்டஸில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மங்கல் மஞ்சளோ பழுப்போதான் தரும். ஆரஞ்சும் செங்கல் சிவப்பும் வேண்டுமானால் ஆர்கைல் ஆப்பிள் என்ற மரத்தைத் தேடுங்கள். தாவரப் பெயர் யூகலிப்டஸ் சினேரியா. வட்டமான இலை, சாம்பல் பூத்த வெள்ளி நிறம், காம்பே இல்லாமல் கிளையில் எதிரெதிராக ஜோடி ஜோடியாக ஒட்டியிருக்கும். இயற்கையாக வளர்வது பெரும்பாலும் நியூ சவுத் வேல்ஸ் மேட்டுநிலத்தில்தான் என்றாலும் அழகுக்காக எங்கும் நட்டிருக்கிறார்கள். பூக்கடைகளில் சில்வர் டாலர் என்று பூங்கொத்தில் செருகுவதும் பல நேரம் இதுவே. வாடிப்போன பூங்கொத்து இருந்தால் எறியாதீர்கள், காய்ந்த இலையும் நன்றாகச் சாயம் விடும். வாசனையை வைத்து மரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாசனை தருவது எண்ணெய், நிறம் தருவது இலையிலுள்ள ஃபிளேவனாய்டு என்ற நிறப்பொருள்களும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும். ஊட்டியில் நீலகிரித் தைலம் எடுக்கும் மரம் யூகலிப்டஸ் குளோபுலஸ், அது வேறு இனம்.

எந்த இலை என்று சந்தேகமா? ஜாம் பாட்டிலில் சோதித்துப் பாருங்கள். ஒரு கைப்பிடி இலையைக் கிள்ளிப் போட்டு, விரல் நீளக் கம்பளி நூல் ஒன்றையும் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்காமல் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் பழந்துணி விரித்து, பச்சைத்தண்ணீரிலிருந்தே சூடேற்றினால் கண்ணாடி விரியாது. ஒரு மணி நேரத்தில் அந்த நூலே பதில் சொல்லிவிடும். நாலு மரத்து இலைக்கு நாலு பாட்டில் வைத்தால் பிள்ளைகளுக்கு அதுவே அரை நாள் விளையாட்டு.

இலையை எங்கே எடுப்பது என்பதில் கவனம் தேவை. கிரேட்டர் பெண்டிகோ தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறதே என்று உள்ளே போய்ப் பொறுக்காதீர்கள். பூங்காக்களில் கீழே விழுந்த இலையை எடுப்பதும் சட்டப்படி தவறு. சாலையோரத்துச் செடிகொடிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. தெரிந்தவர் தோட்டம், பண்ணைக்காரர் அனுமதி, கிளை கழித்த வீடு, இவைதான் வழி. காற்று வீசும் நாளிலும் கடும் வெயிலிலும் பெரிய கம் மரத்தடியில் (யூகலிப்டஸை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நிற்க வேண்டாம், கிளை முறிந்து விழும். வெயில் காலத்தில் இலைக் குவியலில் கையை விடுவதற்கு முன் நீளக் கம்பால் கிளறுங்கள். அந்தப் பக்கம் கொடிய விஷமுள்ள பிரவுன் பாம்பு உண்டு. மூடிய ஷூ கட்டாயம்.

பயணம் எளிதானதுதான். மெல்போர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். 2023 மார்ச் கடைசியிலிருந்து விக்டோரியாவின் ஊர்ப்புற ரயில் கட்டணத்துக்கு மெல்போர்ன் நாள் கட்டணமே உச்சவரம்பு, குடும்பமாகப் போனாலும் கையைக் கடிக்காது. முதலில் பெண்டிகோ வூலன் மில்ஸ் என்ற கம்பளி நூல் ஆலையின் கடைக்குப் போய்விடுங்கள், திறந்திருக்கும் நாளை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சாயம் போடாத வெள்ளை அல்லது கிரீம் நிறத்தில் 8 பிளை (நடுத்தரத் தடிமன்), 100 சதவீதக் கம்பளி வாங்குங்கள். நூல்கண்டு ஒன்று 200 கிராம், இரண்டு சாயத்துக்கு வரும். பருத்தியும் அக்ரிலிக்கும் வேண்டாம். இந்தச் சாயம் கம்பளியிலும் பட்டிலும்தான் ஒழுங்காகப் பிடிக்கும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருந்தால் முதல் முயற்சிக்கு அதுவே நல்லது, எளிதில் சுருங்காது. ஜூலையில் நடக்கும் ஆடு, கம்பளிக் கண்காட்சிக்குப் போனால் வெட்டியெடுத்த பச்சைக் கம்பளி மலிவாகத் தெரியும். ஆசைப்படாதீர்கள், அதன் கொழுப்பைக் கழுவி எடுப்பது தனி வேலை.

மதியத்துக்கு 1858இல் தொடங்கிய மண்பாண்டக் கூடமான பெண்டிகோ பாட்டரி. செங்கல்லால் கட்டிய பழைய சூளைகளைப் பார்க்கலாம், பிள்ளைகள் சக்கரத்தில் களிமண் பிடித்துப் பார்க்கலாம். பிடித்த சட்டி காய்ந்து சூளையேற வேண்டுமே, அன்றே கையோடு வராது. இதை முதலிலேயே சொல்லி வைத்தால் அழுகை மிச்சம்.

இனி சாயம். நூல்கண்டை அப்படியே தொட்டியில் போட்டால் உள்ளே வெள்ளையாகவே நிற்கும். இரண்டு நாற்காலி முதுகில் சுற்றி 100 கிராமுக்கு ஒரு சிட்டமாக்கி, நாலு இடத்தில் பருத்தி நூலால் எட்டுப் போலத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழும்.

ஒரு சிட்டத்துக்கு 300 கிராம் பச்சை இலை, 6 லிட்டர் தண்ணீர், 10 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம். அந்தப் பாத்திரம் சாயத்துக்கு மட்டுமே, மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம். இரும்பும் இலையின் டானினும் சேர்ந்தால் சாம்பல் கறுப்பு. உங்கள் சேற்று நிறத்துக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். ஊர்ப்புறத்தில் போர்த் தண்ணீரிலும் இரும்பு இருக்கும், மழைநீர்த் தொட்டித் தண்ணீர் நல்லது. சாயத்தைப் பிடிக்க வைக்கப் படிகாரம், வினிகர் எதுவும் தேவையில்லை. இந்த இலைக்கும் கம்பளிக்கும் நடுவே தரகர் வேண்டாம்.

இலையைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். சாறு வெதுவெதுப்பாக ஆறட்டும். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். கொதிக்கும் சாற்றில் நனையாத நூலைப் போட்டால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நூல் கட்டிதட்டிவிடும், பிறகு பிரிக்க முடியாது. சிட்டத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அதே சூட்டுச் சாற்றில் இறக்குங்கள். முக்கால் மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றி, தளதளவென்று கொதிக்காமல் பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் சிறு குமிழ் விடும் பக்குவத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். கிண்ட வேண்டாம், அவ்வப்போது கரண்டியால் அமிழ்த்தினால் போதும். முதலில் மஞ்சள் தெரியும், நேரமாக ஆக ஆரஞ்சு, பிறகு சிவப்பு. மஞ்சளைப் பார்த்து அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். இரவு முழுக்கச் சாற்றிலேயே ஆறவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஆவியில் தைல நெடி கடுமையாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். டோட்டல் ஃபயர் பேன் (காட்டுத்தீ அபாயத்தால் வெளியே தீ மூட்டத் தடை) அறிவித்த நாளில் வெளியே அடுப்பே பற்றவைக்காமல் உள்ளே மின்சார அடுப்பில் செய்யுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரப் பொறுமை இருக்காது. அவர்களுக்கு ஒரு முழ வெள்ளைப் பட்டுத் துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, ஆர்கைல் ஆப்பிள் இலைகளைப் பரப்பச் சொல்லுங்கள். ஒரு கட்டையில் இறுக்கிச் சுருட்டி, பருத்திக் கயிறால் நெருக்கமாகச் சுற்றி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். இட்லிப் பானை அச்சாகப் பொருந்தும்தான், ஆனால் பழையது ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இலை துணியோடு அழுந்திய இடத்தில் மட்டுமே அச்சு விழும், தளர்ந்தால் கலங்கிப் போகும். நன்றாக ஆறியபின் அவிழ்த்தால் இலையின் நரம்பு வரை ஆரஞ்சில் தெரியும், கயிறு போன தடம் தனியாக வெளிறி நிற்கும்.