பங்குனி வெயிலும் மொட்டை மாடி சுண்ணாம்பும்: வாசகர் கேள்வி பதில்

பங்குனி, சித்திரைக்கான கேள்விகளை அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்ததில் பாதிப் பேர் வெயிலைத் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் இந்த வெயிலில் எதையெல்லாம் காயவைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. முடிந்தவரை பார்த்துவிடலாம்.

மகளுக்குப் பள்ளியில் வசந்த காலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பூந்தோட்டம், குளிர்ந்த தென்றல் என்று எதைச் சொல்லிக் கொடுத்தாலும், "நம்ம ஊர்ல அதெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்கிறாள். என்ன சொல்ல அக்கா?
*வாசகி, அவனியாபுரம்*

மகள் சரியாகத்தான் கேட்கிறாள். நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். புங்கமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு எண்ணெய் தடவினாற்போல் தளிர் விடுவதும், வேப்பம்பூ வாசலில் பொரி இறைத்தாற்போல் கிடப்பதும், மாமரத்தில் வடு தொங்குவதும்தான் நம் வசந்தம். ஒருநாள் மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் புது மண்டபத்தைக் காட்டுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது, வசந்த மண்டபம் என்பதுதான் அதன் பெயர், வைகாசியில் வசந்த உற்சவத்துக்கென்றே எழுந்தது. சுற்றிலும் தண்ணீர் நிறுத்திக் குளிர்ச்சிக்கு வழி செய்திருந்தார்கள். ஆக, மதுரையில் வசந்தம் வந்தால் நிழலையும் தண்ணீரையும் தேட வேண்டும் என்று ராஜாவே ஒத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே எழுதச் சொல்லுங்கள், மார்க் குறைந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ராத்திரி 11 மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. ஏசிக்கு வசதி இல்லை. சாயங்காலம் மாடியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன், பிரயோஜனமே இல்லை.
*வாசகர், ஜெய்ஹிந்துபுரம்*

அந்தப் பத்துக் குடத்தை முதலில் மிச்சம் பிடியுங்கள். பகல் முழுக்கக் குடித்த சூட்டைத்தான் கான்கிரீட் ராத்திரி உங்கள் தலையில் இறக்குகிறது, மேலே ஊற்றுகிற தண்ணீர் பத்து நிமிஷத்தில் ஆவியாகிப் போகும், உள்ளே தேங்கிய சூடு அப்படியே இருக்கும். ஏறிய சூட்டை இறக்குவதைவிட ஏறாமல் பார்த்துக்கொள்வது சுலபம், செலவும் குறைவு. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாடிக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். வெள்ளைத் தரை வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும், இதில் வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

சுண்ணாம்பை முதல் நாளே இரும்பு டிரம்மிலோ மண் தொட்டியிலோ நீற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், கொதிக்கிற கொதியில் இளகிவிடும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. கண்ணில் தெறித்தால் நிறைய தண்ணீர் விட்டு விடாமல் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான், அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பெவிகால் கலந்து, கூட்டிக் கழுவிக் காய்ந்த தரையில் வெயில் தாழ்ந்தபிறகு இரண்டு தடவை அடிக்க வேண்டும். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். கடையில் விற்கிற வெயில் தடுக்கும் பெயிண்ட் இன்னும் சில வருஷம் கூடத் தாங்கும், ஆனால் விலை அதிகம், வாடகை வீட்டுக்கு நானாக இருந்தால் சுண்ணாம்புதான். மழைநீர் தொட்டி இருந்தால் முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஜன்னல். வெளிக்காற்று வீட்டுக் காற்றைவிடச் சூடாகிற நேரம் காலை ஒன்பது, ஒன்பதரைக்கே வந்துவிடுகிறது. அப்போது மூடித் திரையைப் போட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மத்தியானம் காற்று வரட்டும் என்று திறந்து வைத்தால் வருவது அனல். காற்று வருகிற ஜன்னலில் வெட்டிவேர் தட்டியோ பழைய ஈரச் சேலையோ கட்டினால் நம் ஊரில் நன்றாகவே வேலை செய்யும், பங்குனிக் காற்று அவ்வளவு வறட்சி, கடலோர ஊரில் இந்த உபாயம் பலிக்காது. தென்னங்கீற்று பரப்பச் சொல்பவர்கள் இருப்பார்கள். நானும் ஒரு வருஷம் பரப்பினேன், குளிர்ச்சியும் இருந்தது, தேளும் இருந்தது.

போன வருஷம் வாங்கிய மண்பானை இந்த வருஷம் தண்ணீரைக் குளிர வைக்கவே இல்லை. புதுசு வாங்கணுமா?
*வாசகி, திருமங்கலம்*

உங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு ஏறியதாக இருக்கும். பானைச் சுவரின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து, வெளியே ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் உள்ளே குளிர்கிறது. துளையை உப்பு அடைத்துவிட்டால் அது எவர்சில்வர் குடம் மாதிரிதான். வெளியே வெள்ளையாகப் பூத்திருப்பதைத் தேங்காய் நாரால் தேயுங்கள், உள்ளே புளித்தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துக் கழுவி, நாள் முழுக்க வெயிலில் காயப் போடுங்கள். சோப்பு மட்டும் வேண்டாம், மண் குடித்துவிட்டு அப்புறம் தண்ணீரில் கக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் புதுசுதான். மானாமதுரைப் பானை நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது பெயிண்ட் அடித்துப் பூப்போட்டதை எடுக்காதீர்கள், பெயிண்டும் துளையை அடைக்கும். ஈர மணல்மேல் காற்றோட்டமான மூலையில் வையுங்கள், சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பானையைக் குறை சொல்லக்கூடாது.

மூன்று வருஷமாக மாவடு போடுகிறேன், மூன்று வருஷமும் பூஞ்சை. மாமியார் கை வைத்தால் வருகிறது, என் கை வைத்தால் வரவில்லை. கை ராசியா?
*வாசகி, மேலூர்*

கைராசி இல்லை, ஈரம். நத்தம், அழகர்கோவில் பக்கத்துத் தோப்பு வடு உங்கள் ஊருக்கு மரத்திலிருந்து இறங்கின கையோடு வருகிறது, இந்தக் கொடுப்பினையை வைத்துக்கொண்டு தோற்கக்கூடாது. உருண்டையாக, கையில் கல் மாதிரி இருக்கிற வடு, ஒரு கிலோ எடுங்கள். காம்பை ஒட்ட நறுக்காமல் கொஞ்சம் விடுங்கள், அந்த வாசனை அதில்தான். அடிபட்டதை, கீறல் விழுந்ததைத் தயங்காமல் ஒதுக்குங்கள், ஒரு வடு போதும் ஜாடி முழுக்கக் கெடுக்க.

கழுவியபின் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் நன்றாக உலர விடுங்கள். உங்கள் மாமியார் செய்து நீங்கள் விடுவது அநேகமாக இந்த ஒரு மணி நேரத்தைத்தான். பிறகு இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி, அப்புறம் கல்லுப்பு. கிலோவுக்கு 150 கிராமுக்குக் குறையவே கூடாது. "பிரஷருக்கு ஆகாது, உப்பைக் குறைக்கிறேன்" என்று குறைத்தால் அது ஊறுகாய் இல்லை, அழுகல். பிரஷர் இருப்பவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும், ஜாடியில் கை வைக்க வேண்டாம்.

தினம் காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்குங்கள். ஒரு வாரத்துக்குள் வடு சுருங்கித் தன் தண்ணீரையே விட்டுவிடும். அந்தத் தண்ணீரையே கொஞ்சம் எடுத்து, கடுகு, காய்ந்த மிளகாய், மஞ்சள் அரைத்துத் திரும்ப ஜாடியில் கலக்கவும். வேறு தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். வடு எப்போதும் உப்புத் தண்ணீருக்குள் முழுகி இருக்க வேண்டும், தலையை நீட்டுகிற வடுவில்தான் பூஞ்சை பிடிக்கும். பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சு மாதிரி படர்ந்துவிட்டால் மேலே மட்டும் வழித்து எறிந்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், மொத்தமும் போகட்டும்.

இதே வெயிலில் வேப்பம்பூவையும் பொறுக்கி, காம்பு நீக்கி நிழலில் காயவைத்துவிடுங்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் போக மீதி வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். வெயிலில் காயவைத்தால் கருத்து, கசப்பு மட்டும்தான் மிஞ்சும். கூழ்வடாமுக்கு மட்டும் வெட்டவெளி வெயில். காக்காயை விரட்ட வடாம் பக்கத்தில் கருப்புக் குடையை விரித்து வைப்பது என் வழக்கம், காக்காய் இரண்டு நாளைக்குப் பயப்படும், அப்புறம் குடைமேல் உட்கார்ந்து சாப்பிடும்.

புதுச் சுங்குடிச் சேலை, முதல் அலசலிலேயே வாளி பூராவும் சிவப்பு. ஏமாந்துவிட்டேனா?
*வாசகி, திருநகர்*

உடனே முடிவு கட்டாதீர்கள். அடர்ந்த சிவப்பு, நீலம், அரக்கு எல்லாம் முதல் இரண்டு மூன்று அலசலுக்குச் சாயம் விடத்தான் செய்யும். தனியாக, பச்சைத் தண்ணீரில், கொஞ்சம் கல்லுப்புப் போட்டு அலசி உடனே எடுத்துவிடுங்கள், ஊறவைக்கக் கூடாது. நான்காவது தடவையும் வாளி சிவந்தால் அப்போது கடைக்காரரைக் கேளுங்கள். 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் ஊரில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடிக்கு. முடிச்சு அவிழ்த்த இடத்தில் புள்ளி லேசாகப் புடைத்து, ஒன்று போல ஒன்று இல்லாமல் இருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சடித்தாற்போல் இருந்தால் அது அச்சுதான், அதை மட்டம் என்று சொல்லவில்லை, முடிச்சு விலை கொடுக்காதீர்கள் என்கிறேன். கஞ்சி தண்ணியாகப் போடுங்கள். விறைப்பாகக் கட்டினால் பார்க்க மிடுக்குதான், பஸ்ஸில் அரை மணி நேரம் நின்றால் வியர்வையில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

எட்டு வயது மகனுக்கு அம்மை போட்டிருக்கிறது. டாக்டரிடம் போகக்கூடாது, மாத்திரை கொடுத்தால் ஆத்தா கோபப்படுவாள் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
*வாசகி, உசிலம்பட்டி*

இது இதழில் வருவதற்குள் பையன் எழுந்து விளையாடிக்கொண்டிருப்பான், உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. வேப்பிலை கட்டுங்கள், விளக்கேற்றுங்கள், வாசலில் இலை செருகியிருந்தால் அக்கம்பக்கத்தார் தானாகவே ஒதுங்குவார்கள், அது நல்ல ஏற்பாடு. டாக்டரிடமும் காட்டுங்கள். இரண்டுக்கும் சண்டையே இல்லை, பெரியவர்களிடமும் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

சின்னம்மை ஒரு வைரஸ். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும், எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும், அதுவரை பள்ளி வேண்டாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பக்கத்தில் வரக்கூடாது. காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் கலந்த எதையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அம்மைக் காய்ச்சலில் அது ஈரலையும் மூளையையும் பாதிக்கக்கூடும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், சொறிந்தால் புண்ணாகித் தழும்பு விழும். வெறும் இளநீரிலேயே வைத்திருக்காமல் இட்லி, கஞ்சி, மோர்ச்சோறு என்று கேட்பதைக் கொடுங்கள். மூச்சு வாங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணிக்கொண்டு உட்காராமல் கிளம்பிவிடுங்கள். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, தங்கச்சி பாப்பா இருந்தால் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

72 வயது அம்மா, இந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தே ஆகணும் என்கிறார். கூட்டிப் போகலாமா?
*வாசகர், வாடிப்பட்டி*

ஆற்றங்கரைக் கூட்டத்தில் வேண்டாம். முந்தின நாள் எதிர்சேவைக்கு மூன்றுமாவடி, தல்லாகுளம் பக்கம் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை கிடைக்குமா பாருங்கள், அழகர் அவர் வாசலுக்கே வருவார். பருத்திச் சேலை, நனைத்த துண்டு, தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் உப்பும், அளவு மாறக்கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பந்தலில் பானகத்தைத் தாண்டி நீர்மோருக்குப் போங்கள். பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறினாலோ ஆள் தெரியாமல் விழித்தாலோ நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஃபிரிட்ஜில் வைத்த மல்லிகை மறுநாள் பழுத்துப் போகிறது.
*வாசகி, செல்லூர்*

தண்ணீர் தெளித்து வைக்கிறீர்கள். தெளிக்காமல், மொட்டாக, வாழையிலையில் சுருட்டி மூடிய டப்பாவில் வையுங்கள். இந்த மாதம் பூ மலிவு, அன்றன்றைக்கு வாங்குங்களேன்.

வீட்டில் ஜிகர்தண்டா செய்தால் கடை ருசி வருவதில்லையே?
*வாசகர், கோயம்புத்தூர் (சொந்த ஊர் மதுரை)*

பாலைச் சுண்டக் காய்ச்சியிருக்க மாட்டீர்கள். சிறுதீயில் பாதிக்கும் கீழே வற்றி, வெள்ளை போய்ப் பழுப்பு ஏறவேண்டும், அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே நிற்கணும், செல்போனைத் தள்ளி வையுங்கள். பாதாம் பிசின் ஒரு ஸ்பூன் போதும், ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்திருக்கும், தூசி துரும்பைப் பொறுக்கி அலசிக்கொள்ளுங்கள். பாலை நன்றாகக் குளிரவைத்து, பிசின், நன்னாரி சர்பத், பால், மேலே ஐஸ்கிரீம். ஐஸ் கட்டி போட்டால் நீர்த்துவிடும். எசென்ஸ் நன்னாரி வாங்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள்.